கடல் பருத்தி

கோவில்பட்டிப் பக்கம் கிணற்றில் நீந்தப் பழகியவள் நான். கடலுக்குள் எனக்கென்ன வேலை என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. தூத்துக்குடிக் கரையோரம் ஒரு பழைய படகுத் துறையின் தூண்களில் ஒட்டியிருந்த பவளங்களையும், அவற்றைச் சுற்றித் திரியும் மீன்களையும் கணக்கெடுப்பதுதான் வேலை. தூண்களுக்குச் சிமெண்டு உறை போடப் போகிறார்கள். அதற்குள் உயிருள்ள பவளங்களைப் பெயர்த்துப் பக்கத்துப் பாறையில் ஒட்ட வேண்டும். எல்லாவற்றையும் மாற்ற நாள் போதாது. எவை பிழைக்க வேண்டும் என்பதை என் தாள்தான் சொல்லும்.

பல வருடம் இந்த வேலையில் இருந்து, என்னோடு முங்கிய அண்ணாச்சி மீன்களைப் பார்த்துக்கொண்டார். பவளம் என் பொறுப்பு.

செத்த பவளம் பாசி பிடித்து அழுக்காக இருக்கும் என்று படித்திருந்தேன். நான்காவது தூணில் சில பவளங்கள் பழுப்பாக, பஞ்செடுத்து முடித்துக் காய்ந்த பருத்திமார் போல நின்றன. பக்கத்திலேயே சில, ஒரு பொட்டு அழுக்கில்லாமல் வெள்ளை வெளேரென்று. கரிசல்காட்டுக் கண்ணுக்கு வெள்ளை என்றால் விளைச்சல்தானே! வெள்ளைக்கெல்லாம் நூல் கட்டி, "நல்ல நிலை" என்று எழுதினேன். அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்து, "கடலுக்குள்ளயும் பருத்தி வெடிச்சிருக்குப்பா" என்றேன். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

காது வலியால் அண்ணாச்சி அந்த வாரம் இறங்கவில்லை. சங்கு குளிக்கிற ஆட்கள் நான் நூல் கட்டியதை மட்டும் பெயர்த்து ஒட்டினார்கள். வேலை முடிந்த அன்று அப்பா அனுப்பிய கடம்பூர் போளியை எல்லோரும் துறையில் உட்கார்ந்து தின்றோம். தூண்களுக்கு உறை போட்டாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சியோடு பாறையைப் பார்க்கப் போனேன். வெள்ளையெல்லாம் பச்சைப் பாசி போர்த்திக் கிடந்தது. மேலே வந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அது தண்ணிச் சூட்டுல வெளுத்துச் சாகக் கெடந்ததும்மா. பழுப்பா நின்னுச்சு பாரு, அதுக்குத்தான் நல்ல உசிரு இருந்துச்சு."

பழுப்பெல்லாம் சிமெண்டுக்குள் இருந்தது. என் கையால் புதைத்தது போலத்தான்.

அதன் பிறகும் மீன் கணக்கெடுக்க இறங்கினேன். பவளக் கிளைகளுக்குள் ஒளிந்து வாழும் சின்ன மீன்கள் ஏழு, அந்த வழவழப்பான நான்காவது தூணைச் சுற்றிச் சுற்றி வந்தன. நுழைய இடம் தேடி ஒரே இடத்தில் முட்டின. ஏழு என்று எழுதினேன். அடுத்த மாதம் மூன்று. அதற்கடுத்த மாதம் ஒன்றுமில்லை. இப்போதும் கண்ணை மூடினால் அந்த ஏழும் வந்து முட்டுகின்றன.

இந்த மாசி மாதம் ஊருக்குப் போனேன். காடு முழுக்கப் பருத்தி வெடித்திருந்தது. வரப்பிலேயே நின்றுவிட்டேன். பருத்தி எடுக்கிற பெண்களுக்கு நடுவிலிருந்து அப்பா கையாட்டினார்.

"ஏட்டி, இங்கன வா. இவியள்ட்டல்லாம் ஒன்னையப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒங் கடல் பருத்தி எப்படி இருக்கு?"

அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நல்லா இருக்குப்பா" என்றேன். தாளிலும் அதையேதான் எழுதியிருந்தேன்.