திட்டிக்கொண்டே ஓடிய பேபி அக்கா

கல்மண்டபம் முனையில் ஷூவை மாட்டிக்கொண்டு பேபி அக்காவுக்காகக் காத்திருந்தபோது அவருடைய மகள் போனில் அழைத்தாள். வீட்டிலிருந்து என்னைச் சந்திக்க ஓடிவரும் வழியில், திருப்பத்தில் ஒரு கண்டெய்னர் லாரி அக்காவை இடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

நான் டீச்சராக இருக்கும் பள்ளியின் சத்துணவுக்கூடத்தில் அவர் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் ராயபுரத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பீர்கள். உங்களில் பலரைச் சாவு வீட்டில் பார்த்தேன். மாலை போட்ட கையோடு எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. இந்த வயதில் அவருக்கு ரோட்டில் என்ன ஓட்டம்? அந்த லாரி ஏன் அத்தனை வேகமாகத் திரும்பியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் இறந்த மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து என்னை மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். காரியம் முடியும்வரை நான் வாசலைத் தாண்டக் கூடாது. உறவுக்காரப் பெண் ஒருத்தி என் ஜாதகத்தைப் பற்றி எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டிருந்தாள். எழுந்தேன், ஓடினேன். எங்கள் தெரு போய் முடிவது கடலில்தான். கடலில் விழப்போகிறேன் என்று தெருவே பின்னால் ஓடிவந்தது. பாறைகளுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது பேபி அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“உடுங்கய்யா அவுங்கள. சாவப்போறவங்க மீன் வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கியா ஓடுவாங்க? நான் பார்த்துகினுதான வந்தேன். ஓடட்டும், நானும் கூட ஓட்றேன்.”

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காசிமேடு வரை என்னோடு ஓடினார். மகன் காய்ச்சலில் போனதிலிருந்தே அவர் தினமும் விடிகாலையில் ஓடுகிறவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கூடவே வேலை பார்த்தும் பள்ளியில் ஒருவருக்கும் அது தெரியாது.

மறுநாள் முதல் இரண்டு பேருமாக ஓடினோம். பேபி அக்கா சும்மா ஓடமாட்டார், திட்டிக்கொண்டே ஓடுவார். டாக்டர், சம்பந்தி, வார்டு கவுன்சிலர், சாமி என்று ஒருவரையும் விடமாட்டார். ஏன் என்று கேட்டேன். “அழுவுறதுக்கு வூட்ல எடம் கீது டீச்சர். கோவத்துக்குதான் இல்ல. அத்த ரோட்லதான் எறக்கணும்” என்றார். நானும் மெல்லப் பழகினேன். என் கணவரின் அண்ணனைத் திட்டினேன், அந்த உறவுக்காரியைத் திட்டினேன். ஒருநாள் தண்டையார்பேட்டை தாண்டும்போது அக்கா என்னைப் பார்த்து, “ஊர்ல எல்லாரையும் திட்டிட்ட. உன் வூட்டுக்காரர மட்டும் உட்டுட்டியே” என்றார்.

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்காமல் ஓடினார். எட்டிப்பிடிக்க ஓடியபடியே வாய் திறந்தேன். நெஞ்சு வலித்தபோது வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய மனிதரை, நான் கையைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்காத மனிதரை, திருவொற்றியூர் வரை திட்டித் தீர்த்தேன். வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பசித்தது. அவர் போன பிறகு எனக்குத் தானாகப் பசித்தது அன்றைக்குத்தான்.

இதுதான் ஐயா, அவருடைய ஓட்டம். மைதானத்தில் ஓடக்கூடாதா என்கிறீர்கள். எங்களுக்கென்று இருந்த ஒரே மைதானத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அதை எடுத்துக்கொண்டபோது அக்கா மட்டும்தான் போய்ச் சண்டை போட்டார். நீங்கள் வேடிக்கை பார்த்தீர்கள். இப்போது இரங்கல் கூட்டம் போட்டு, பெண்கள் மொட்டை மாடியில் நடந்தால் போதும் என்று மைக்கில் அறிவுரை சொல்கிறீர்கள்.

தன் அம்மாவை இழந்த பிறகு எங்களோடு ஓட வந்தவர் ஷமீம். சாவு வீட்டிலேயே அவருடைய கணவர் என்னிடம் வந்து, “டீச்சர், இனிமே எங்க வூட்ல கூப்புட வராதீங்க” என்றார். அவர் கெட்டவர் அல்ல, பயந்திருக்கிறார். ஆனால் அந்தப் பயத்துக்கு ஷமீமை வீட்டுக்குள் அடைப்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். எங்களோடு ஓடிய இன்னும் இரண்டு பெண்களின் வீடுகளிலும் அதே பேச்சுதான். பேபி அக்கா போனதோடு எங்கள் விடிகாலை ஓட்டமும் போய்விடும் போலிருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை.

அவருடைய கோபம் எனக்கு வேண்டும். அதை நான் வைத்துக்கொள்கிறேன். நேற்று தனியாகத்தான் ஓடினேன், லாரிகள் போகிற அதே ரோட்டில். அந்த டிரைவரைத் திட்டினேன், மைக் பிடித்தவரைத் திட்டினேன், உங்கள் எல்லோரையும் திட்டினேன். பேபி அக்காவைத் திட்ட மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.