கடைசித் தட்டு

பயப்படுவதில் மேகலாவை மிஞ்ச மஞ்சக்குட்டை மலைக்கிராமத்துப் பக்கத்தில் ஆள் கிடையாது. சத்துணவுச் சமையல்காரி, அடுப்புக்குப் பயம், பல்லிக்குப் பயம். அண்டாவை மூடியால் மூடி, மூடி மேல் கல்லை வைத்து, அந்தக் கல்லையும் நாலு தடவை திரும்பிப் பார்ப்பாள். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போகும்போதுகூட, மேலே இருக்கும் பாறை இன்றைக்கென்று பார்த்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கிற பிறவி.

ஆனால் இதிலெல்லாம் பெரிய பயம் ஊர் வாய்க்குத்தான். கணவன் எஸ்டேட்டில் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி, தவறி விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு கிடைத்த வேலை இது. இவளுக்கு முன்னால் இருந்த சமையல்காரி அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று யாரோ ஒரு மனு எழுதிப் போட்டார்கள். உண்மையோ பொய்யோ, அவள் போய்விட்டாள். அந்த அம்மாள் இப்போது பேக்கரி ஒன்றில் பாத்திரம் கழுவுகிறாள் என்பது மேகலாவுக்குத் தெரியும். அந்த வழியாகப் போகவே மாட்டாள்.

மகள் மோனிஷா நாலாம் வகுப்பு. அம்மா சமைக்கிற அதே பள்ளிக்கூடம். அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கையில் பார்வதி மேகலாவிடம் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். பார்வதிக்கும் ஒரு பையன் அங்கேதான் படிக்கிறான்.

“சத்துணவு ஆயா புள்ளைக்கு என்னக்கா கொறச்சல்? கன்னம் பளபளன்னு இருக்குது பாருங்க.”

பார்வதி அதை மறந்தே போயிருப்பாள். மேகலாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாளே மோனிஷாவைக் கூப்பிட்டு, இனிமேல் வரிசையில் கடைசியாக உட்கார வேண்டும், ரெண்டாம் தடவை கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது இவளுக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ.

காலை உணவுத் திட்டம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வரக்காப்பியும் ரெண்டு பிஸ்கட்டும் வயிற்றில் போட்டுக்கொண்டுதான் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து நடந்து வரும். மோனிஷாவும் அப்படித்தான். மத்தியானம் தட்டை நீட்டுகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் மேகலாவுக்குக் கை சுருங்காது. அள்ளி அள்ளி வைப்பாள். கடைசித் தட்டுக்கு வரும்போது அண்டாவின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். முட்டையும் அப்படியே, வரும் வழியில் ஜீப் குலுங்கி உடைந்தது எதுவோ அது மோனிஷாவுக்கு. போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். மகள் எத்தனை வாயில் முடித்தாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை சுருண்டு தூங்கிவிடும். ராத்திரி எழுப்பி ஊட்டினால் பாதித் தூக்கத்தில் நாலு வாய் வாங்கும். நடந்து வந்த அலுப்பு என்று இவளே ஒரு காரணமும் வைத்திருந்தாள்.

ஐப்பசி மாதம், நல்ல மூடுபனி. புவனா டீச்சர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, மோனிஷாவக் கொஞ்சம் கவனிங்க. கணக்கு எழுதிப் போட்டா, பாதி நம்பர் எழுதிட்டு அப்படியே போர்டையே வெறிச்சுப் பாக்கிறா. பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பறதில்ல.”

மேகலா அரிந்துகொண்டிருந்த தக்காளியைக் கீழே வைத்தாள். “எப்ப இருந்துங்க டீச்சர்?”

“கொஞ்ச நாளாவே இப்படித்தான். சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாப் புள்ளைங்களும் கொஞ்சம் சோர்ந்துதான் கிடக்கும். சாப்பிட்டு வந்தா தெளிஞ்சுடும். இவ மட்டும் தெளியறதே இல்ல. சரியாச் சாப்பிடறாளா?”

“நானேதானுங்க என் கையால போடறேன்” என்றாள் மேகலா.

டீச்சருக்கே கேட்டது சங்கடமாகப் போய்விட்டது. சமையல்காரியிடம் போய் உன் பிள்ளை சாப்பிடுகிறதா என்று எந்த வாயால் மறுபடி கேட்பது? “டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடுங்கக்கா” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

மேகலாவின் கணவனுடைய தம்பிக்கு வலிப்பு இருந்தது. அவனுக்கும் இப்படித்தான், வெறித்துப் பார்ப்பதில்தான் ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருப்பான், நடுவில் நின்றுவிடுவான். கடைசியில் ஒரு நாள் ஏரிக்கரையில் துணி துவைக்கப் போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அப்பன் வழியில் இருப்பது பிள்ளைக்கு வராமலா போகும்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அந்தப் பேரையே சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாள். போகாமல் இருந்தால் என்ன ஆகுமோ என்று அதற்கும் பயந்தாள். மகளின் கையில் ஒரு கயிற்றைக் கட்டி, சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டு, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

அப்படித் தள்ளிய ஒரு நாளில்தான் அது நடந்தது.

பள்ளிக்கூடம் விட்டு, அம்மாவும் மகளும் காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். மோனிஷா முன்னால். பனி இறங்கிப் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. திருப்பத்தில் சாணி வாடை அடித்தது. மேகலா நின்றுவிட்டாள். அந்த மலையில் பிறந்த எந்தப் பிள்ளையும் அந்த வாடைக்கு நின்றுவிடும். காப்பிச் செடிக்கு மேலே கருப்பாக முதுகு தெரிந்தது. காட்டெருமை. ஒற்றை மாடு, ஆள் உயரம்.

மோனிஷா நிற்கவில்லை.

கத்தினால் மாடு மிரளும். ஓடினால் துரத்தும். “கண்ணு, நில்லு சாமி” என்று மேகலாவுக்குக் காற்றாகத்தான் குரல் வந்தது. பிள்ளை காதில் அது விழவில்லை. புத்தகப்பை ஒரு பக்கம் தொங்க, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாடு தலையைத் தூக்கி ஒரு மூச்சு விட்டது. அந்தச் சத்தத்துக்கு மோனிஷா நின்று, அதை நேருக்கு நேர் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. சும்மா பார்த்தாள்.

உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்த அந்தப் பொம்பிளை எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு அடியாக வைத்துப் போய், மகளின் சட்டைக் காலரைப் பிடித்தாள். மாட்டின் கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், பின்னுக்கு ஒரு அடி, இன்னொரு அடி. மாடு காலை ஒரு முறை தரையில் தேய்த்தது. செத்தோம் என்றே நினைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அது திரும்பிச் சரிவில் இறங்கி, செடிகளை ஒடித்துக்கொண்டு போய்விட்டது.

இரண்டு பேரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மகளின் கை சில்லிட்டு வியர்த்திருந்தது.

“மாடு நின்னது தெரியலயா சாமி?”

“தெரிஞ்சுதும்மா. அது என்னதுன்னுதான் தெரியல.”

“தல சுத்துதா? கண்ணு இருட்டுதா? அம்மாகிட்ட மறைக்காமச் சொல்லு.”

“பசிக்குதும்மா.”

“மத்தியானம் சாப்பிட்டயல்ல?”

“நீ போட்டதச் சாப்பிட்டேன்.”

என்ன போட்டோம் என்று மேகலா நினைத்துப் பார்த்தாள். அடிச் சோறு, தீய்ந்தது போக ஒரு கைப்பிடி. நேற்று? நேற்றும் அதேதான். முந்தாநாள் அந்தச் சுரண்டலும் இல்லை. உடைந்த முட்டை மட்டும். வலிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிறாரப் போட்ட கைதான், பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டு மாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடிக்குள் ஒளித்துக்கொண்டு அழுதாள்.

“எதுக்கும்மா அழற? மாடுதான் போயிருச்சே” என்றாள் மகள்.

மறுநாள் மோனிஷாவை நாலாம் வகுப்பு வரிசையில், அவளுடைய இடத்தில் உட்காரச் சொன்னாள். தக்காளிச் சாதம். வரிசை நகர்ந்து மகளிடம் வந்தபோது, பையனுக்குச் சுவெட்டர் கொண்டுவந்த பார்வதி வராந்தா ஓரத்தில் நின்றிருந்தாள். பெயர் கெடும், மனு போகும், வேலை போகும் என்று மேகலாவுக்குப் பழைய பயமெல்லாம் திரும்ப வந்தது. இருந்தாலும் ஒரு கரண்டி போட்டாள். முழு முட்டையை வைத்தாள். ரெண்டாவது கரண்டியை எடுத்தபோது மோனிஷா தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தாள்.

“போதும்மா.”

“கைய எடு கண்ணு.”

“பார்வதி அத்த பாக்குதும்மா” என்றாள் பிள்ளை, உதடு அசையாமல்.

அந்தக் கிசுகிசுப்பு யாருடையது என்று மேகலாவுக்குத் தெரிந்தது. அவளேதான் இப்படிப் பேசுவாள். வாளியைக் கீழே வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டின் மேலிருந்த அந்தக் கையை விரல் விரலாக எடுத்துவிட்டாள். “பாக்கட்டும் சாமி” என்று சொல்லி, சாதத்தைப் போட்டாள்.

மோனிஷா சோற்றைத் தொடாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்வதி படியிறங்கி, கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான் முதல் வாயை எடுத்தாள்.