எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கிய பாடம்

டெல்மிரா வருவதற்கு முன்பு எங்கள் சங்கத்தில் பயிற்சி என்றால் கோழிச்சோறுதான். ஆற்றோரத்து ஊர்களில் வெள்ளக் காவலுக்கு என்று சேர்த்திருந்த தொண்டர்களை நான் ஜீப்பில் அள்ளிக்கொண்டு வருவேன். தலைநகரத்திலிருந்து வந்த யாராவது ஒரு பெரிய மனிதர் சுவரில் படம் காட்டிக் காட்டி அவர்கள் உயிரை வாங்குவார். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் சோறு எப்போது என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர் ஏறினால் என்ன செய்வாய் என்று திரும்பும் வழியில் கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. கையில் சான்றிதழ் மட்டும் பத்திரமாக இருக்கும்.

டெல்மிரா ஹோண்டுராஸ்காரி. எங்கள் நாட்டான் ஒருவனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அந்தப் புண்ணியவான் நியூயார்க்குக்குப் போனவன் போனவன்தான். அவள் ஊருக்குத் திரும்பாமல் எங்கள் சங்கத்தில் பயிற்சி வேலைக்குச் சேர்ந்தாள். வந்த முதல் வாரமே என் வண்டியில் ஏறிக்கொண்டு வயல் வயலாக அலைந்தாள். மளிகைக்கடை வாசலில் பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, யார் வைத்திருப்பது எந்தப் போன், யாருக்கு எழுத்துக் கூட்ட வரும், யாருக்கு எப்போது காது சும்மா இருக்கும் என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். காலைக் காபி நேரத்தில்தான் எல்லோரும் போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள்.

அப்படி வந்ததுதான் இரண்டு நிமிடப் பாடம். படம் கிடையாது, எழுத்து கிடையாது, போனில் அவள் குரல் மட்டும். முதலில் ஒரு நிலைமையைச் சொல்வாள். பிறகு என்ன செய்யவேண்டும் என்பாள். கடைசியில் ஒரு கேள்வி, மூன்று பதில். "தெரிஞ்சுக்கறதுக்குப் பாடம் இல்ல, அந்த நேரத்துல கை தானா அதைச் செய்யணும்" என்று என்னிடம் சொல்வாள். நான் வண்டி ஓட்டுகிறவன், எனக்கென்ன தெரியும். ஆனால் பழைய ஆசாமிகளைவிட இவளுக்கு மூளை இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. கோழிச்சோறு போச்சே என்று புலம்பினவர்கள்கூட தினமும் பாடம் கேட்டார்கள்.

சனியன் ஒரு சொல்லில் வந்து உட்கார்ந்தது. "தண்ணி அளவுக் கம்பத்துச் சிவப்புக் கோட்டைத் தொட்டா எங்களுக்குப் போன் பண்ணுங்க, அஓரித்தா ஆட்களை வெளியேத்துங்க" என்று ஒரு பாடத்தில் பேசியிருந்தாள். இரண்டு நாட்டுக்கும் மொழி ஒன்றுதான், ஆனால் அவள் ஊரில் அஓரித்தா என்றால் இந்த நொடியே. எங்கள் ஊரில் அஓரித்தா என்றால் அப்புறம், கொஞ்சம் பொறுத்து. கதவைச் சரிபண்ணு என்று என் மனைவி சொன்னால் நான் சொல்லும் பதில் அதுதான், கதவு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே இருந்த வருடங்களில் டெல்மிராவுக்கும் இது தெரியாமல் இல்லை. கடைக்காரன் அஓரித்தா என்றால் அவளே சிரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். ஆனால் ஆபத்து என்று நினைத்துப் பதைப்போடு பேசும்போது தாய்வீட்டுச் சொல்தானே வாயில் வரும். எங்கள் காதுக்கோ அது உறுத்தவே இல்லை.

கேள்வியிலும் அதே சொல். ஆட்களை எப்போது வெளியேற்றுவாய்? மறுநாள், ஊர்த்தலைவர் சொன்ன பிறகு, அஓரித்தா. எல்லோரும் மூன்றாவதைச் சொன்னார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண். சங்கத்து இயக்குநர் கேக் வாங்கி வெட்டினார்.

நவம்பரில் மழை பிடித்தது. நெல்வயல்களுக்கு நடுவே தாழ்வான ஊர் ஒன்றில் எலிகியோ என்று ஒரு தொண்டர், பாடம் ஒன்றைக்கூடத் தவறவிடாத மனிதர். கால் விளங்காத தங்கை மிர்த்தாவை அவர்தான் வைத்துப் பராமரித்தார். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் போன் செய்தார். பிறகு மாட்டை மேட்டில் கட்டினார், பக்கத்து வீட்டுக் கோழிகளைப் பிடித்துக் கொடுத்தார். தங்கையைத் தூக்கப் போனபோது வாய்க்கால் உடைத்துக்கொண்டது. மற்றவர்கள் கூரையேறித் தப்பினார்கள். மிர்த்தா தப்பவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? எலிகியோ டொமினோ ஆடிக்கொண்டிருந்தான், தங்கையைச் சாகவிட்டான் என்று கதை கட்டிவிட்டது. முழுப் பயிற்சி பெற்ற தொண்டரின் அலட்சியம் என்று எங்கள் அலுவலகமும் எழுதியது. டெல்மிராவுக்கே அவர்மேல் கோபம். முழு மார்க் வாங்கின மனுஷன் இப்படிச் செய்யலாமா என்று அழுதாள். மிர்த்தாவைப் புதைத்த நாலாம் நாள் விசாரணைக்காக எலிகியோ பேசிப் பதிவு செய்த வாக்குமூலம் அவள் போனுக்கு வந்தது. அவள் அதை ஒலிக்கவிட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். "டீச்சர் சொன்னபடி போன் பண்ணேன். டீச்சர் சொன்னபடி அஓரித்தா போய் அவளைத் தூக்கலாம்னு இருந்தேன்."

டெல்மிரா போனை அணைத்தாள். வண்டியை எடுங்க என்றாள். நான் சாவியை எடுத்துவிட்டேன். இயக்குநர்தான் குறுக்கே வந்தார். பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு முதலில் பக்குவமாகச் சொல்லவேண்டும், அவர்கள் பதில் வரும்வரை ஊருக்குள் வாயைத் திறக்கக்கூடாது என்றார். அவள் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியே இந்த வேலையால்தான். அதையும் ஞாபகப்படுத்தினார் அந்த மகராசன். டெல்மிரா உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாடத்தைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்பினாள், ஏன் திருத்தினாள் என்று மட்டும் சொல்லவில்லை. பதில் கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் வந்தது.

அன்றே போனோம். எலிகியோ சேறு படிந்த சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். டெல்மிரா டம்ளரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தன் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், தான் எப்படிப் பேசினோம் என்று எதையும் மறைக்கவில்லை.

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "அப்போ நான் பாடத்தைச் சரியாத்தான் கேட்டிருக்கேன்?"

"சரியாத்தான் கேட்டீங்க. தப்பா சொன்னது நான். இதைக் கடை வாசல்ல நின்னு எல்லாருக்கும் சொல்லத்தான் வந்திருக்கேன்."

எலிகியோ முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய பாரம் இறங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சது டீச்சர்?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மிர்த்தாவைப் புதைச்ச நாலாம் நாள்."

"நாலாம் நாளா" என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. "செத்தவங்களுக்கு ஒன்பது நாள் ஊரே கூடி ஜெபம் பண்ணும். நான் தினமும் சாயங்காலம் நாற்காலி போட்டு, காபி போட்டு வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சியைக் கொன்னவன் வீட்டுக்கு யாரு வருவாங்க? ஒருத்தரும் வரல. ஜெபமாலையை நான் ஒருத்தனாத்தான் சொல்லி முடிச்சேன். நீங்க அன்னைக்கே வந்திருந்தா, பாக்கி அஞ்சு நாளாவது அவளுக்கு ஆள் வந்திருக்கும்."