பாஸ்போர்ட் மூஞ்சி

எங்கள் அப்பாவின் ஸ்டூடியோ திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கே அவர் அதிகம் பேசிய வார்த்தைகள் இரண்டு: “ஆடாத. சிரிக்காத.” பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பதில் மன்னன். துபாய் போகிறவரும் ஹால் டிக்கெட்டுக்கு வந்தவரும் அவர் கேமராவில் ஒரே மாதிரி, கோழி திருடி மாட்டிக்கொண்டவர்கள் போலத்தான் விழுவார்கள். அவர் சொல்லுக்கு அடங்காத ஒரே முகம் என்னுடையது. உட்கார்ந்தால் கால் ஆடும். காலை அடக்கினால் புருவம் ஆடும். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் எனக்கு மட்டும் இரண்டு மூக்கு.

தொண்ணூறுகளின் கடைசியில் தங்கச்சி தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தன்னைப் போன்ற சின்னப் பிள்ளைகள் சைகை பழக உருப்படியாக ஒரு படம் கிடையாது, நாமே அட்டை போடுவோம் என்று கையாலேயே எங்களிடம் சண்டை பிடித்தாள். அப்பா படம் எடுக்க வேண்டும், அம்மா வெட்டி லேமினேட் செய்ய வேண்டும், சைகை அவள் பொறுப்பு.

“நான்?” என்று கேட்டேன்.

“நீ சும்மாதான இருக்க? நின்னு போஸ் குடு,” என்றது அவள் கை.

சும்மா இருக்க முடியாததுதான் என் வியாதி என்பதை அவளே மறந்துவிட்டாள்.

அவள் படித்த பள்ளிக்கூடத்து டீச்சர், பிள்ளைகளுக்குப் புரிந்தால் வகுப்பில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். “புரியலன்னா பழையபடி தையலுக்குப் போயிரணும்,” என்று அப்பா கறாராகச் சொன்னார். அன்றிலிருந்து தங்கச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

திரைச்சீலை படபடக்கிறதென்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். புழுக்கத்தில் நனைந்து நின்றேன். சத்தமே பதிவாகாத வேலைக்கு அம்மா நுனிக்காலில் வந்து கிசுகிசுப்பாள். கொய்யா அட்டைக்கென்று ஆயக்குடியிலிருந்து வாங்கி வந்த பழத்தை, படம் எடுக்கும் முன்னே நான் தின்றுவிட்டேன்.

தங்கச்சி செய்து காட்டுவாள், நான் செய்வேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த சொல்லைப் பார்க்க அவள் திரும்புவாள். அந்த இடைவெளியில் அப்பா, “ஏலே, சிரிக்காத!” என்பார். என் முகம் செத்துவிடும். கிளிக்.

அது அவள் காதில் எப்படி விழும்?

பிரிண்ட் வந்தது பள்ளிக்கூடத்துக்குப் போகிற அன்று காலையில். அட்டைகளைப் பார்த்துத் தங்கச்சி நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறை. ‘சாப்பிட்டாச்சு’ என்பதற்கும் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதற்கும் கை ஒன்றுதான். புருவத்தைத் தூக்கினால்தான் கேள்வி. அப்பாவின் படங்களிலோ சந்தோஷம், பயம், புளிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்போர்ட் மூஞ்சி.

“கண்ணு மூடாம எம்புட்டுத் தெளிவா விழுந்திருக்கு!” என்றார் அப்பா. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போனோம். தங்கச்சி முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள். ஒரு குட்டிப்பெண் எழுந்து கையால் கேட்டாள்: “இந்த மாமாவுக்கு யார் மேல கோவம்?”

தங்கச்சி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். சுவரோரம் நின்ற எனக்குக் கால் தாளம் போட்டது. “செத்த நேரம் ஆடாம நில்லுலே,” என்று பல்லைக் கடித்தார் அப்பா.

முடியவில்லை. ஓடிப்போய் ‘புளிப்பு’ அட்டைக்குப் பக்கத்தில் நின்று, முழுப் புளியம்பழத்தையும் வாயில் போட்டவன் மாதிரி முகத்தைச் சுருட்டினேன். அடுத்து ‘பயம்’. பிறகு ‘சாப்பிட்டாச்சா?’ புருவம் இரண்டும் முடிக்குள் போகிற அளவுக்குத் தூக்கினேன். வகுப்பு குலுங்கியது. எல்லாப் பிள்ளைகளும் கையோடு புருவத்தையும் தூக்கி என்னையே திருப்பிக் கேட்டார்கள். ‘இன்னும் இல்லை’ என்று வயிற்றைத் தடவினேன். அது பொய்யுமில்லை.

டீச்சர் அப்பாவிடம் சொன்னார்: “அட்டை மட்டும் வேணாம் சார். இவரையும் சேர்த்துக் குடுத்தா வச்சுக்கிறோம்.”

தங்கச்சிக்கு நான்தான் கையால் சொன்னேன். நம்பாமல் இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

மறுநாள் வகுப்பில் காட்டிய முகங்களோடு எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். இந்த முறை தங்கச்சி திரும்பவே இல்லை, அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆடா…” என்று தொடங்கியவர் விழுங்கினார். வேர்வையைத் துடைத்தார். “என்னமோ பண்ணித் தொலைலே,” என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்தார். அந்தப் படங்களைத்தான் பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டது. தங்கச்சி தையலுக்குப் போகவில்லை.

பிள்ளைகள் எனக்குச் சைகையில் ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்: இரண்டு விரலால் இரண்டு புருவத்தையும் தூக்குவது. ஏழெட்டு வருஷம் கழித்து வத்தலக்குண்டில் ஒரு துஷ்டி வீடு. அப்பாவுக்குப் பக்கத்தில், அரும்பாடுபட்டு வரவழைத்த துக்க முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்வரிசையில் தாவணி போட்ட ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தாள். அந்தக் குட்டிப்பெண்தான். மெதுவாக இரண்டு விரலை நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

“ஏலே,” என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே, “சிரிக்காத.”