விஸ்வநத்தத்து உக்கிரபாண்டியின் கடல் பயணம்

“நம்ம சர்க்கார் கடலுக்கு அந்தப் பக்கம் ஆள் கேட்டா, கப்பல்ல வைக்கிற மொதக் காலு இந்த உக்கிரபாண்டி காலுதாம்லே!”

1956இல் விஸ்வநத்தம் டீக்கடையில் இந்தச் சூளுரை நிகழ்ந்தபோது கடைக்காரரும், பேப்பர் படித்த இருவரும், வாசலில் கட்டியிருந்த எருமையும் சாட்சிகள். அதன்பின் ஐந்தாண்டுக் காலம் இதைக் கேட்காமல் அங்கே யாராலும் டீ குடிக்க முடிந்ததில்லை. எருமையை மட்டும் வேறு இடத்தில் மாற்றிக் கட்டினார்கள்.

உக்கிரபாண்டி முழுநேரப் பட்டாளத்தார் அல்லர். டெரிடோரியல் ஆர்மியில் தாமாகப் போய்ச் சேர்ந்த பகுதிநேரச் சிப்பாய். ஞாயிறுகளில் விருதுநகரில் அணிவகுப்பு, வருஷத்துக்கு ஒரு முகாம். மற்ற நாளெல்லாம் தனுஷ்கோடி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில், சரம் பின்னும் இடத்துக்கு மேஸ்திரி. முகாம் எப்போதும் தீபாவளி சீசனில்தான் வந்து தொலையும்.

“ஏம்ப்பா, ஆர்டர் குமிஞ்சு கெடக்கு, லோடு அங்கன நிக்குது. நீ லெஃப்ட் ரைட்டு போட்டுக்கிட்டுத் திரிஞ்சா கம்பெனிய எவன் நடத்துறது?”

“அண்ணாச்சி, கடல் தாண்டப் போற காலு. பழக்கி வைக்க வேண்டாமா?”

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு லீவு கொடுப்பார். தேசத்துக்குக் குறுக்கே நின்றார் என்ற பேச்சு அவருக்கு வேண்டாம்.

வீட்டில் மரியாதை இன்னும் அதிகம். மனைவி வேலுத்தாய் தண்ணீர்க் குடத்தைக் காட்டினால், “நாட்டுக்குப் போற உடம்பு” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

“எப்பத்தான் போவீக?” என்று அந்த அம்மாள் கேட்டது ஏக்கத்திலா எரிச்சலிலா என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

கடலை அவர் பார்த்ததில்லை. ஊர்க் கண்மாயிலும் கரையில் உட்கார்ந்து செம்பில் மொண்டுதான் குளிப்பார். இதைச் சும்மா வரலாற்றுக்காகச் சொல்கிறோம்.

1961 பங்குனி. காங்கோவுக்கு நம் பட்டாளம் போவதாகப் பேப்பரில் வந்த சமயம். அணிவகுப்பு முடிந்ததும் சுபேதார் சீனிவாசகம் சொன்னார்: ஒருவேளை நம்மிலும் வெளிநாட்டுக்கு ஆள் கேட்கலாம்; கட்டாயம் இல்லை; விருப்பமுள்ளவர்கள் அடுத்த ஞாயிறு ஓர் அடி முன்னால் வந்து நின்றால் போதும்.

செய்தி உக்கிரபாண்டிக்கு முந்தைய பஸ்ஸிலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. டீக்கடையில் ஓசி டீ. முதலாளி மாலைக்குச் சொல்லிவைத்தார். வேலுத்தாய் வழிக்கு முறுக்குச் சுட்டார்.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக்கட்டு. அதுவரை ஒரு நேர்த்திக்கடனும் செய்தறியாத உக்கிரபாண்டி, முதல் ஆளாகக் கையை நீட்டி மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர், பொங்கல் முடிந்து அதைக் கண்மாயில் விடும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. விருதுநகர் எல்லைக்கு வெளியே இருக்கிறது. காங்கோ இன்னும் கொஞ்சம் தள்ளி.

“போகலைன்னு ஒத்த வார்த்தை சொன்னா தலையா போயிரும்? கட்டாயமில்லைன்னுதான சொன்னாக?” என்றார் வேலுத்தாய்.

“அஞ்சு வருசமாச் சொன்ன வார்த்தை என்னாகுறது?”

“அப்பப் போங்க.”

“ஆத்தா கட்டிப் போட்டுட்டாளே!”

“ஆத்தாளா கூப்பிட்டா? நீகதான எல்லாரையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டுக் கைய நீட்டுனீக!”

ஞாயிறு வராத சிப்பாயைத் தேடித் திங்களன்று சுபேதாரே ஜீப்பில் வந்து இறங்கினார். டீக்கடை முழுக்கத் தெருவுக்கு வந்தது. உக்கிரபாண்டி மணிக்கட்டைக் காட்டினார்.

“உசுரு துடிக்குதுய்யா. எல்லை தாண்டினா ஊருக்கு ஆகாதே!”

சுபேதாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அதுக்கென்னய்யா, ஆத்தா காரியம் நல்லா முடியட்டும். காப்பு அவுத்த மறுநாள் நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.”

உக்கிரபாண்டியின் முகம் நமத்துப்போன பட்டாசாயிற்று.

பொங்கல் முடிந்தது. காப்புக் கட்டியவர்கள் கண்மாயில் முழங்கால் அளவு இறங்கி, கயிற்றை அவிழ்த்து விட்டுக் கரையேறினார்கள். உக்கிரபாண்டி கடைசி ஆள் போகும்வரை கரையிலேயே நின்றார். பிறகு மடியிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து, அவிழ்க்காத கயிற்றின் வெளுப்பு மறைய நன்றாகத் தேய்த்துவிட்டு, ஊரார் கண்ணில் படாதபடி சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டார். கால் நனையாமல் வீட்டுக்கு வந்தவர், வேலுத்தாய் கேட்காமலே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார்.