மெழுகு பூசிய ஈ

நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. புரட்டாசி, வியாழக்கிழமை என்பது தெரிகிறது. ஆண்டு இருந்த மூலை கிழிந்துபோயிற்று. அதன் பின்புறம் என் தாய்மாமா பென்சிலால் எழுதியிருக்கிறார்: “விளக்கெண்ணெய்: இறகு ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெய்: கொஞ்ச நேரம். வாத்துக் கொழுப்பு: நன்று, இனிக் கிடைக்காது.” கோட்டையில் ஆட்சி மாறிய பிறகு வந்த குறுவை அறுப்பு என்பது உறுதி. எந்த ஆண்டு என்பதில் அண்ணனும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மாமா மலைத்தோட்டம் ஒன்றில் வெள்ளைக்கார துரைக்குச் சமைத்துப் போட்டவர். துரை கப்பலேறியபோது கொடுத்த தூண்டிற்கோலும் ஒரு தகரப்பெட்டி நிறைய ஈக்களுமாகத் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். உயிருள்ள ஈயல்ல, சேவல் இறகை முள்ளில் நூலால் சுற்றிக் கட்டிய பொய் ஈ. நீர்மேல் மிதந்தால் மீன் பூச்சியென்று நம்பி வந்து கவ்வும். நனைந்து மூழ்கினால் வெறும் இறகுதான்.

அந்தச் சமயம் கூலி உயர்வு கேட்டு, அப்பா உட்பட எங்கள் தெருவே அறுப்புக்குப் போகாமல் இருந்தது. பண்ணை வயலில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. ஆற்றின் அக்கரையிலிருந்து ஓடத்தில் வெளியூர் ஆள் இறக்கி அறுத்துவிடுவார்கள், அறுத்துவிட்டால் நம் கதை முடிந்தது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மாமா மட்டும் கூலிக்காரர் சங்கத்துப் பக்கமே போகாமல், பகல் முழுவதும் ஓடத்துறையில் கோலுடன் நின்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன்.

“மீனத் தேடி ஈ வரும்னு தெரியும். இவரு ஈயத் தேடி மீன் வரும்ங்கறாரு,” என்றார் ஓடக்காரர்.

ஈ மூழ்கிக்கொண்டே இருந்தது. விளக்கெண்ணெய் தோற்றது. தேங்காயெண்ணெய்க் குப்பியில் கை வைத்தபோது அம்மா பிடித்துக்கொண்டாள். “புள்ள தலைக்கே எண்ணெய் இல்லண்ணே. ஒன் ஈக்கு எண்ணெயா?”

வாத்து தன் வாலடியில் அலகைத் தேய்த்து உடம்பெல்லாம் பூசிக்கொள்வதைப் பார்த்து, வாத்து மேய்ப்பவர்களிடம் அந்தக் கொழுப்பைக் கேட்டு வாங்கிப் பூசினார். ஈ அழகாக மிதந்தது, மீன் கவ்வுமுன் கொழுப்பு தீர்ந்தது. வாத்துக்காரர்கள் அறுத்த வயலில் சிந்திய நெல்லை மேய்க்க வந்தவர்கள். வயல் அறுபடாததால் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த வழி, மெழுகைச் சீவி மண்ணெண்ணெயில் கரைத்து அதில் ஈயை முக்குவது. வீட்டில் இருந்ததோ மாதா படத்துக்கு முன் ஏற்றுகிற ஒரே மெழுகுவத்தி.

“கேக்குறதுக்கும் ஒரு அளவு இருக்கு,” என்றாள் அம்மா.

மறுநாள் பண்ணைக் காரியக்காரர் துறையில் சைக்கிளை நிறுத்தி, காலிக் கூடையை எட்டிப் பார்த்தார். “நாலு நாளா நிக்கிற. ஒரு மீனயும் காணும். நீ மீனுக்குத்தான் நிக்கிறியா?”

“ஈ நனையுதுங்க ஐயா. மிதந்தா அள்ளிடலாம்.”

சாப்பிட உட்கார்ந்தபோது நான் காரியக்காரர் மாதிரியே குரலை மாற்றி அதைச் சொல்லிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பா மாமாவைப் பார்த்தார். அம்மா எழுந்து போய் மெழுகுவத்தியை எடுத்துவந்து மாமா கையில் வைத்தாள். “மண்ணெண்ணெய் எவ்வளவு வேணும்?” என்று மட்டும் கேட்டாள்.

கரைசலை வெயிலில் வைத்து, அதில் முக்கி உலர்த்தி எடுத்த ஈ தக்கை போல மிதந்தது. கெண்டைகள் விழுந்தன. காரியக்காரரே பண்ணை வீட்டுக்கு மீன் வாங்கிப் போனார். “துரைகிட்ட கொஞ்சம் கத்துக்கிட்டுத்தான் வந்திருக்க,” என்றார்.

பிறகு ஒரு விடியற்காலையில் அக்கரையிலிருந்து ஓடம் கிளம்பியது. நிறையத் தலைகள், கருக்கரிவாள்கள். மாமா கோலை என் கையில் கொடுத்து, “ஈ முழுகாம பாத்துக்க பாப்பா,” என்று சொல்லிவிட்டுத் தெருவை நோக்கி ஓடினார். ஓடம் கரையைத் தொடுமுன் அப்பாவும் தெருவாரும் துறையில் நின்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை. வந்தவர்களும் கூலிக்காரர்கள்தாம், கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பிப் போனார்கள். கூலி பேசி முடித்த பிறகே அறுப்பு நடந்தது.

எனக்கு அன்று அழுகை வந்தது. அவ்வளவு கூட்டத்தில் ஒருவர்கூட என் ஈயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது மூழ்கவே இல்லை.

மாமாவைத் துறையில் நிறுத்தியது சங்கமா, அவராகவே போய் நின்றாரா என்று பின்னாளில் அப்பாவிடம் கேட்டேன். “மீன் புடிக்கத்தான் போனாரு,” என்றார். தாளில் மெழுகைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் எதற்காக நின்றார் என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.