கடற்பக்கத்தால் கோணேசரிடம்

சாமி காட்டும் தொழிலில் ஓட்டோக்காரருக்கு இருக்கிற நிம்மதி கடலில் போட் ஓட்டும் எங்களுக்கு இல்லை. அவர்கள் ஆட்களைக் கொண்டுபோய் கோயில் மலையில் இறக்கிவிட்டால் மிச்சத்தை உச்சியில் இருக்கும் கோணேசர் பார்த்துக்கொள்வார். நாங்கள் உப்புவெளிக் கரையில் ஏற்றினால் திரும்ப அதே கரையில் இறக்கும்வரை கேள்வி, வாந்தி, பக்தி மூன்றுக்கும் நாங்களே பொறுப்பு. வருகிறவர்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கும் சகோதரங்களே, உங்களுக்கு இது விளங்கும். என்னோடு போட்டில் நிற்பவர் சலீம் நானா. கிண்ணியா முஸ்லிம், என்னைவிட மூத்தவர், அவர்கள் வழக்கத்தில் அண்ணனுக்கு நானா. எஞ்சின் என் கையில், துடுப்பு அவர் கையில்.

திமிங்கலம் கேட்டவர்

கொழும்பில் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் குடும்பத்தோடு திமிங்கலம் பார்க்க வந்தார். காலையில் போய் வெயில் உச்சிக்கு வரும்வரை சுற்றியும் ஒரு வால்கூடத் தெரியவில்லை. ஐயாவின் முகம் நேரத்துக்கு நேரம் இறுகிக்கொண்டே போனது. இப்படியான நாட்களில் எங்களுக்கு இருக்கும் ஒரே வழி, திரும்பும்போது போட்டைக் கோணேசர் இருக்கும் சுவாமி மலைக்குக் கீழே கொண்டுபோவதுதான்.

கடலில் இருந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும் அந்தப் பாறையை. தண்ணீரிலிருந்து நேராக எழும்பி நிற்கும், உச்சியில் கோயில். பிறந்ததிலிருந்து பார்க்கிற எனக்கே இன்னும் உடம்பு சிலிர்க்கும். அங்கே என்னுடைய வழக்கமான கதையை எடுத்துவிட்டேன். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்களும் தூண்களும் இந்தக் கடலுக்குள்தான் கிடக்கின்றன, மூழ்கிப் பார்த்த சுழியோடிகள் கண்டிருக்கிறார்கள், நீங்கள் இருக்கும் இடத்துக்கு நேர் கீழேயும் கோயில்தான் என்று சொன்னேன். அந்த நேரம் மேலே மத்தியானப் பூசைக்கு மணி அடித்தது. ஐயா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மேலே பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார். இன்னொரு தரம் திமிங்கலம் தேடிப் போவோமா என்று மெல்லக் கேட்டேன்.

"அதை வேற ஆக்களுக்குக் காட்டுங்கோ தம்பி, எனக்கு இதுவே காணும்."

கற்பூரம்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு முழங்கால் நோ. மலை ஏற ஏலாது என்பதால் கடலால் கும்பிட வந்தார். பாறைக்குக் கீழே வந்ததும் எஞ்சினை நிறுத்திவிடுவது எங்கள் போட்டின் பழக்கம். அலை பாறைப் பக்கம் இழுக்கும். சலீம் நானா துடுப்பால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நேரம் பார்த்து அம்மா பையிலிருந்து கற்பூரமும் நெருப்புப் பெட்டியும் எடுத்தார். பெற்றோல் டாங்கி அவருடைய காலடியில் இருந்தது.

எனக்கு உயிர் போய் வந்தது. மன்றாடிப் பார்த்தேன், அம்மா கேட்ட பாடில்லை. கோணேசரிடம் வந்து கற்பூரம் கொளுத்தாமல் போவதா என்று அவர் என்னையே ஏசினார். கடைசியில் சலீம் நானா துடுப்பை என்னிடம் தந்துவிட்டு, தண்ணீர் இறைக்கும் சிரட்டையைத் துடைத்து எடுத்தார். கற்பூரத்தை அதில் வைத்து, போட்டின் முன் நுனியான அணியத்துக்குப் போய், கையை வெளியே நீட்டிக் கொளுத்திக் கடலில் விட்டார். கற்பூரம் அணையாமல் சிரட்டை பாறைப் பக்கம் மிதந்து போனது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். உங்கள் சமயத்தில் இல்லாத பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது என்று சலீம் நானாவிடம் ஆசையாகக் கேட்டார்.

"அவர்ட வாசலால போறம் அம்மா, வெளிச்சம் காட்டிட்டுப் போறது மரியாதைதானே."

துடக்கு

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் மேலே உள்ளவற்றையும் சொன்னேன். ஒரு பின்னேரம் சாம்பல்தீவிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும், கனடாவில் இருப்பவர். அப்பா செத்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம், நீ வந்தால் உன்னைக் கோணேசரிடம் கூட்டிக்கொண்டு போவேன் என்று அந்த மனுசன் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் மகள் வந்தது அவருடைய செத்த வீட்டுக்கு.

செத்த வீட்டுக்காரருக்குத் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயிலுக்குள் போகக்கூடாது. அவருக்கோ மறுநாள் பயணம், லீவு அவ்வளவுதான். திரும்பி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. கோணேசரைக் காணாமல் போனால் அப்பாவின் ஆசை அப்படியே நின்றுவிடும் என்றுதான் அவருக்குக் கவலை. கடலில் நின்று கும்பிட்டால் குற்றமில்லைதானே என்று என்னிடம் கேட்டார். நான் என்ன ஐயரா? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏலாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றமில்லை, ஏறுங்கள் தங்கச்சி என்றேன்.

"தூரத்தில நிப்பாட்டுங்கோ அண்ணா. என்ர துடக்குக் கோயில்ல மட்டும் படாமப் பாத்துக்கொள்ளுங்கோ."

வாய் செய்த வேலை

மலையின் நிழல் கடலில் நீளமாக விழுந்து கிடந்தது. எஞ்சினை நிறுத்தினேன். அதோடு வாயையும் நிறுத்தியிருக்கலாம். பழக்கதோசத்தில் கதையைத் தொடங்கி, நேர் கீழேயும் கோயில்தான் என்பதுவரை சொல்லி முடித்துவிட்டேன். சலீம் நானா தலையில் கை வைத்தார். அந்தப் பெண் காலை வெடுக்கென்று தூக்கிப் பலகையில் மடக்கிக்கொண்டார். அப்படியென்றால் நான் துடக்கோடு கோயிலுக்குள் வந்துவிட்டேனா என்று கேட்டார். அது வெறும் கல் என்றேன். பிறகு அது ஆழத்தில் என்றேன். நான் கதைக்கக் கதைக்க அவர் அழுதார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கதையை வேறு பக்கம் திருப்ப நினைத்த சலீம் நானா, அப்பாவின் காரியங்களெல்லாம் நல்லபடி நடந்ததா என்று விசாரித்தார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். சுடலையில் எரித்தது, சாம்பலை அள்ளியது, தம்பி அதைச் சாம்பல்தீவுக் கரையில் கரைத்தது, அலை அதை வாங்கிக்கொண்டு இந்த மலைப் பக்கமாகப் போனது. சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மடக்கிய காலை மெல்லக் கீழே விட்டு, குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டார். எங்கள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"அப்பா சொன்ன சொல்லுத் தவறேல்லை அண்ணா. சாம்பலா எனக்கு முன்னால வந்து, கோயிலுக்கு உள்ளுக்கு நிண்டுகொண்டுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்."

இப்போதெல்லாம் போட்டில் ஏறுகிறவர்களிடம் நீந்தத் தெரியுமா என்பதோடு வீட்டில் துடக்கு உண்டா என்றும் கேட்டுவிடுகிறேன். வெள்ளைக்காரருக்கு அதை விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் திமிங்கலம் வந்து போய்விடுகிறது.